தினம் ஒரு கட்டளை அடி, மருமவனே!

வாய்யா மருமவனே. இன்னிக்கும் பல்லு தேய்க்கதுக்கு முன்னாடி டெர்மினலத் தொறந்து அந்த செட்எக்ஸ்கேபிமேப் கட்டளைய அடிச்சாச்சா? கேப்ஸ்லாக் கன்ட்ரோலா மாறிட்டா? ரொம்ப நல்லது. கோயில் பக்கமே எட்டிப் பாக்காத பயலுக்கு இப்படி ஒரு காலை நேர அனுஷ்டானம் வேணும்லா.

மாத்த நெனச்சதத் தப்புன்னு சொல்ல மாட்டேன். 1976-ல வந்த ஏடிஎம்-3ஏ டெர்மினல்ல ‘ஏ’ எழுத்துக்கு இடப்பக்கம் கன்ட்ரோல்தான் இருந்துச்சு. பில் ஜாய் விஐ எடிட்டர எழுதுனது அந்தக் கீபோர்டுலதான். பொறவு 1980-கள்ல ஐபிஎம்காரன் 101 கீ போர்டு கொண்டாந்து, கன்ட்ரோலக் கீழ தள்ளிட்டு கேப்ஸ்லாக்க அந்த எடத்துல ஏத்திட்டான். பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னு பேதமே இல்லாத தமிழ் அடிக்க நமக்கு அது எதுக்குங்கேன்?

ஆனா அந்தக் கட்டளையில நீ சொன்னத எக்ஸ் சர்வர் நெனப்புல மட்டுந்தான் வச்சிருக்கும். லாக் அவுட் பண்ணுனா போச்சு. யுஎஸ்பி கீபோர்டப் புடுங்கிச் சொருகுனாலும் போச்சு, புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு பழைய வரிசையவே குடுத்துரும். தலையாரி காதுல சொல்லிட்டுப் பட்டா மாறிட்டுன்னு வீட்டுக்கு வந்த மாதிரிதான்.

அதுக்கு நீ கண்டுபிடிச்ச வைத்தியம் இருக்கே! பாஷ்ஆர்சி கோப்புல எழுதி வச்சியாம். டெர்மினலத் தொறந்தாத்தான் அது ஓடும். நீ நேரா பிரவுசருக்குப் போயி கன்ட்ரோல்னு நெனச்சு அமுக்க, மேனேஜருக்குப் போற மெயில் பூரா பெரிய எழுத்துல அலறும். உனக்கும் கொஞ்சம் தைரியம் உண்டுன்னு அவரு நெனச்சுக்கிடட்டும்.

எக்ஸ்மோட்மேப்புன்னு இன்னொரு கட்டளை வேற இருக்கு. ஆனா இப்ப வர்ற உபுண்டுல எக்ஸுக்குப் பதிலா உக்காந்திருக்கது வேலண்டு. அங்க அதோட பேச்சு எடுபடாது.

சோம்பேறிக்கும் வழி இருக்கு. க்னோம்னா ட்வீக்ஸத் தொற, கீபோர்டு பக்கத்துல கேப்ஸ்லாக்க கன்ட்ரோல் ஆக்குறதுக்கு ஒரு டிக் போடு. டிகான்ஃப்ல எழுதிக்கிடும், மறுநாளும் மறக்காது. ஆனா அது உன் கணக்குக்கு மட்டுந்தான். லாகின் திரையில பழைய கேப்ஸ்லாக்தான் நிக்கும், பாஸ்வேர்டத் தப்புத் தப்பா அடிச்சுப் பழக வசதி.

எல்லா எடத்துக்கும் ஒரே சட்டம் வேணும்னா கெர்னல் வாசல்லயே புடிக்கணும். சொருகுற சாதனத்தையெல்லாம் பாத்துக்கிடுத யூடெவ்கிட்ட எச்டபிள்யூடிபின்னு ஒரு பேரேடு கெடக்கு. ஈடிசி, அதுக்குள்ள யூடெவ், அதுக்குள்ள எச்டபிள்யூடிபி.டி அடைவு, அங்க ஒரு கோப்பு வையி. மொத வரி எந்தக் கீபோர்டுங்கிற அடையாளம். அடுத்த வரியில, ஸ்கேன்கோடு 70039 இனிமே இடது கன்ட்ரோல்னு எழுது. யுஎஸ்பி கீபோர்டுல கேப்ஸ்லாக்குக்கு அதான் எண்ணு. லேப்டாப்போட சேந்த கீபோர்டுன்னா பெரும்பாலும் 3ஏ. சந்தேகமா இருந்தா ஈவிடெஸ்ட ஓட்டிக் கீய அமுக்கு, அதுவே சொல்லும். அந்த ரெண்டாவது வரிக்கு முன்னால ஒரு இடைவெளி கட்டாயம் விடணும். விடலயா, நீ ராத்திரி பூரா முழிச்சிருந்து கம்ப்யூட்டர ஏசலாம். எழுதுனதும் சிஸ்டம்டி-எச்டபிள்யூடிபி அப்டேட், பொறவு யூடெவ்அட்ம் டிரிகர். அவ்வளவுதான். மேல எக்ஸ் இருந்தா என்ன, வேலண்டு இருந்தா என்ன? அவனுக கண்ணுக்கு அது பொறந்ததுல இருந்தே கன்ட்ரோல்.

தட்டுனா எஸ்கேப்பு, அமுக்கிப் புடிச்சா கன்ட்ரோலுன்னு ரெட்ட வேசம் வேணும்னு அடுத்துக் கேப்ப, தெரியும்யா. அது பேரேட்டுக்கு ஆகாது. கீடின்னு ஒரு சேவைய நிறுவி, அதோட டிஃபால்ட்.கான்ஃப் கோப்புல ஓவர்லோடுன்னு ஒரு வரி எழுதணும். பொறவு சிஸ்டம்சிடிஎல்ல எனேபிள் பண்ணணும். நீ ஸ்டார்ட்ட மட்டும் அடிச்சிட்டு எனேபிள மறந்துரு. ரீபூட் ஆனதும் நேரா இங்கதான் வருவ, எனக்கும் பொழுது போவணும்லா.