புளி போட்ட கால் அணா

வடசென்னை வீடுகளில் செம்பு, பித்தளை எது கண்ணில் பட்டாலும் புளி போட்டுத் தேய்த்துவிடுவார்கள். குத்துவிளக்குக்கு நல்லதுதான். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த 1835-ஆம் வருடக் கிழக்கிந்தியக் கம்பெனி கால் அணாவுக்கும் அதே மரியாதை கிடைக்கும்போதுதான் வம்பு.

ராயபுரத்துக்குப் பக்கத்திலேயே தங்கசாலைத் தெரு. தெருவுக்குப் பெயர் தந்த நாணயச்சாலை 1869-ல் மூடப்பட்டுவிட்டது. அந்தக் காலத்துச் செம்பின் மேல் பழுப்புப் படலம் ஏறக் காற்றுக்கும் கைவியர்வைக்கும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆனது. எங்கள் அண்ணி பத்தே நிமிடத்தில் கழுவி முடித்துவிட்டார்.

"பளபளன்னு கீதுல்ல?"

"அதான் சார் பிரச்சினையே," என்பார் நாணய வியாபாரி. புளியின் அமிலம் படலத்தைக் கரைத்துவிடும். தேய்க்கும் தேங்காய் நார் கீறல் போட்டுவிடும். லென்சில் பார்த்தால் முகமெல்லாம் நகக்கீறல். தரம் பார்க்கும் வெளிநாட்டு நிறுவனங்களோ இதற்கு மதிப்பெண்ணே போடாமல், 'கழுவப்பட்டது' என்று எழுதி அனுப்பிவிடும்.

வெள்ளி ரூபாயைக் கழுவிவிட்டு, திரும்பக் கறுக்க வைக்க அவித்த முட்டையோடு டப்பாவில் பூட்டி வைக்கிறவர்களும் உண்டு. முட்டைக் கந்தகம் வேலை செய்யும். பழகிய கண் அதையும் கண்டுபிடிக்கும். ஆலைப் புகைக்கு நடுவே வாழும் மணலி, எண்ணூர்க்காரர்களுக்கு முட்டைச் செலவு எதற்கு? சன்னலைத் திறந்து வைத்தால் ஆயிற்று.

கால் அணா எடை சுமார் ஆறரை கிராம். காயலான் கடையில் செம்பு விலைக்கு எடுத்துக்கொள்வார்கள். பளபளப்புக்குத் தனியாகக் காசு கிடையாது.