இருபது வருஷ அவசரம்

அவசரம் எத்தனை நாள் நீடிக்கும்? ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் கேட்டால், ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி கிளம்பும்வரை என்பார்கள். தமிழ்நாடு அரசைக் கேட்டால் இருபது வருஷம் என்று சொல்லும். கூடவே, பரிசீலனையில் உள்ளது என்றும் சேர்த்துக்கொள்ளும்.

விளையாட்டில்லை. 2016 வரை தமிழ்நாடு அரசுப் பணியாளர் விதிகளில் 10(ஏ)(1) என்று ஒன்று இருந்தது. அரசு அலுவலகத்தில் நாற்காலி தேய்த்த எவருக்கும் மனப்பாடம். அவசர நிலைமை, முறைப்படி ஆள் எடுக்கத் தாமதமாகும், பொதுநலன் கெடும் என்றால் தற்காலிகமாக ஒருவரை வைத்துக்கொள்ளலாம். முறையான ஆள் வந்ததும் கூடிய விரைவில் இவரை மாற்றிவிட வேண்டும். வேலை பார்த்தேன் என்பதற்காக இவர் எந்த முன்னுரிமையும் கேட்கக் கூடாது. கூடிய விரைவில் என்றால் எந்த வருஷத்துக்குள்? அதை எழுதியவர் எழுதவில்லை. அந்தச் சந்துக்குள் ஒரு தலைமுறையே நரைத்துவிட்டது.

இத்தனைக்கும் வேலையில் தற்காலிகம் என்று எதுவும் கிடையாது. கோப்பு நிரந்தரமானது. கூட்டம் நிரந்தரமானது. மனுநீதி நாளில் வரிசையில் நிற்கும் கிழவியின் வசவு நிரந்தரமானது. தணிக்கையில் குறை வந்தால் மெமோவும் முழு மெமோவாகவே வரும். சம்பளத்துக்கு மட்டும் தொகுப்பூதியம். நடுவில் ஒரு நாள் பணி முறிவு என்று காகிதத்தில் காட்டுவார்கள். அன்றைக்கும் அவர் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருப்பார்.

பிறகு ஒருநாள் பணிவரன்முறை ஆணை வரும். இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தால், ஆணை வெளியிடப்படும் நாள் முதல் என்று இருக்கும். நேற்றுவரை பார்த்தது? அது பணிமூப்பில் சேராது. சேராதென்றால் அதற்கு என்ன பெயர்? பொழுதுபோக்கா? குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்த பையன் பட்டியலில் மேலே போய்க் கண்காணிப்பாளர் ஆகிவிட்டான். கற்றுக்கொடுத்தவர் அவனிடம் விடுப்பு விண்ணப்பம் நீட்டுகிறார்.

அந்த ஆணைத்தாளின் தலையில் ஒரு கோபுரம் இருக்கிறது. அது ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம்தான் என்று எங்கள் பக்கம் அடித்துச் சொல்வோம். மதுரைக்காரர்கள் தங்களுடையது என்பார்கள். இந்த ஆணைகளைப் படித்த பிறகு, அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றுகிறது. கோபுரத்தோடு 'வாய்மையே வெல்லும்'. அதற்குக் கீழே, பதினெட்டு வருஷம் உழைத்தவர் இன்றுதான் வேலைக்குச் சேர்ந்தார் என்று கையெழுத்திட்ட அறிவிப்பு.

சட்டம் என்ன சொல்கிறது? 1990-ல் மகாராஷ்டிரப் பொறியாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது இது. விதிப்படி நியமிக்கப்பட்டவருக்கு நியமன நாளிலிருந்தே பணிமூப்பு. இடம் காலியாக இருக்கிறதே என்று விதிக்குப் புறம்பாக உட்கார வைக்கப்பட்டவருக்கு அந்தக் காலம் சேராது. அதே தீர்ப்பில் அடுத்த பத்தியும் உண்டு. நடைமுறையில் குறை இருந்தாலும், இடைவெளி விடாமல் வேலை பார்த்து, பிறகு விதிப்படி வரன்முறை செய்யப்பட்டால் அந்தக் காலம் சேரும். தலைமைச் செயலகத்துக்கு முதல் பத்தியைப் படித்ததுமே தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. 1992-ல் நம் மாநிலத்திலிருந்தே போன பரிபூரணம் வழக்கில், 10(ஏ)(1)-ல் பார்த்த காலம் கணக்கில் வராது, தேர்வாணையத்தின் தரவரிசைதான் கணக்கு என்று முடிந்தது. 2006 ஏப்ரலில் உமாதேவி தீர்ப்பு. கொல்லைப்புற நியமனங்களுக்குப் பூட்டு.

பூட்டுப் போட்டது சரி. கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது யார்? வேலை தேடிய பையன் சுவரேறிக் குதித்தானா? அரசே திறந்தது. அரசே கூப்பிட்டது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த சுமார் 1,70,000 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தற்காலிக ஆட்களை அவசரம் அவசரமாக உள்ளே இழுத்ததும் அரசுதான். ஆளை அழைத்து, வருஷக்கணக்கில் வேலை வாங்கிவிட்டு, நீ முறைப்படி வரவில்லையே என்று கடைசியில் அவனிடமே முகத்தைச் சுளிப்பது எந்த ஊர் நாணயம்? முறைதவறிய நியமனத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி ஒருவராவது இன்கிரிமென்ட் இழந்ததாக நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? தவறு அவருடையது. தண்டனை இவருடையது. ஓய்வூதியம் அவருடையது.

தேர்வெழுதி வந்தவர்களின் கோபத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். நாலு வருஷம் நூலகத்தில் உட்கார்ந்து படித்து வந்தவருக்கு, சிபாரிசில் நுழைந்தவர் மேலே நிற்பது எரிச்சல்தான். ஆண்டுதோறும் ஒழுங்காகத் தேர்வு நடத்தியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை. நடத்தாதவர்கள் மாடியில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

அப்படியானால் தேர்வெழுதியே வந்தவர்களுக்கு என்ன நடந்தது? 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் செவிலியர்களுக்குப் போட்டித் தேர்வு வைத்தது. எழுதினார்கள். தேறினார்கள். தலைவாசல் வழியாகவே வந்தார்கள். வந்தவர்கள் கையில் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சு காற்றோடு போனது. 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு உட்கார்ந்துதான் சம்பளம் ஏறியது. கொரோனாவில் இன்னொரு கூட்டத்தை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். கை தட்டினோம். பூத்தூவினோம். 2022 டிசம்பர் 31-ஆம் தேதி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பிவிட்டார்கள். புத்தாண்டு வாழ்த்து தனியாக வந்திருக்கும்.

எங்கள் ராஜபாளையத்தில் பஞ்சாலைகள் நிறைய. ஆலைக்காரர் ஒருவரைத் தற்காலிகமாகவே வைத்திருக்க முடியாது. இருபத்துநான்கு மாதத்தில் 480 நாள் வேலை பார்த்துவிட்டால் அவர் நிரந்தரத் தொழிலாளி. 1981-ல் இந்தச் சட்டத்தைப் போட்டது தமிழ்நாடு அரசு. நல்ல சட்டம். ஊருக்கு உபதேசம். 2003 நவம்பரில் அதே அரசு டாஸ்மாக் சில்லறைக் கடைகளைத் திறந்தது. கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்குத் தொகுப்பூதியம். இருபது வருஷம் தாண்டியும், 480-வது நாள் அங்கே விடியவே இல்லை.

ஓய்வூதியக் கணக்கு இன்னும் ரசமானது. 2003 ஏப்ரல் 1-க்கு முன் நிரந்தரமானவர்களுக்கு, தொகுப்பூதியத்திலும் தினக்கூலியிலும் பார்த்த காலத்தில் பாதி சேரும். பாதி! எந்தப் பாதி என்று விதியில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முந்தியதா, பிந்தியதா? அந்தத் தேதிக்குப் பிறகு நிரந்தரமானவருக்கு அந்தப் பாதியும் கிடையாது.

கட்சி பார்த்துக் கோபப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். 2012-ல் ஜெயலலிதா ஆட்சி 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தது. மே மாதம் சம்பளம் இல்லை. மே மாதத்தில் வயிறும் விடுமுறை எடுத்துக்கொள்ளும் என்று யாரோ நிதித்துறையில் கண்டுபிடித்திருக்க வேண்டும். 2021-ல் தி.மு.க. இவர்களை நிரந்தரமாக்குவோம் என்று 181-ஆம் வாக்குறுதி கொடுத்தது. அந்த ஆட்சி ஐந்தாம் ஆண்டில் நுழைந்தபோதும் அவர்கள் சென்னைத் தெருவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். எடுத்தவர்கள் ஒரு கட்சி, ஏமாற்றியவர்கள் இரண்டு கட்சி.

தற்காலிகப் பணி என்றால் உண்மையில் எது? சட்டமன்ற உறுப்பினர் வேலை. ஐந்து வருஷ ஒப்பந்தம். எழுத்துத் தேர்வு கிடையாது. கல்வித் தகுதி கிடையாது. ஒரே ஒரு தவணை இருந்துவிட்டுத் தோற்றுப் போனாலும் ஓய்வூதியம் உண்டு. அங்கே யாரும் பாதிக் கணக்குப் போடுவதில்லை.

2024 டிசம்பர் 20-ல் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றமே பொறுமை இழந்தது. மத்திய நீர் ஆணையத்தில் பெருக்கித் துடைத்து, தோட்டம் பார்த்துப் பல வருஷம் உழைத்தவர்களை 2018-ல் வெளியே தள்ளியிருந்தார்கள். அவர்களைத் திரும்ப எடுத்து வரன்முறை செய்யச் சொன்ன நீதிமன்றம், உழைப்பவனின் நியாயத்தை மறுக்க உமாதேவி தீர்ப்பை ஆயுதமாகத் திருப்புகிறார்கள் என்று அரசுத் துறைகளைக் கண்டித்தது. நம் துறைகள் அந்தத் தீர்ப்பின் நகலை எந்தக் கட்டில் வைத்திருக்கின்றன என்று தெரியவில்லை. கட்டுக்குள்தான் இருக்கும். அது மட்டும் உறுதி.

இந்தத் துறைகளில் ஒரே ஒரு காகிதம் மட்டும் தேதி தவறாமல் வந்து சேரும். வயது அறுபது ஆனதும் அந்த மாதக் கடைசி மாலை. அதில் மட்டும் பிறந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எண்ணியிருப்பார்கள்.