முடிவெடுக்கும் நாற்காலி யாருக்கு?

கேள்வி: சோமாலியா என்றாலே பஞ்சம், போர், கடற்கொள்ளை. மருத்துவத்தில் பெயர் சொல்லும்படி அங்கே பெண்கள் உண்டா?
(வாசகி, வட்டக்கானல்)

உண்டு. மகப்பேறு மருத்துவர் ஹாவா அப்தி, 1983-இல் தலைநகர் மொகதிஷுவுக்கு வெளியே தன் குடும்ப நிலத்தில் ஒற்றை அறையில் மருத்துவமனை தொடங்கினார். 1991-இல் அரசு கவிழ்ந்ததும் அகதிகள் அந்த நிலத்தைத் தேடி வந்தார்கள். ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 90,000 பேர். அவர் போட்டது இரண்டே சட்டம்: குலப்பேச்சு கூடாது, மனைவியை அடிக்கக் கூடாது. 2010-இல் ஆயுதக் குழு ஒன்று மருத்துவமனையைப் பிடிக்க வந்தது. அசைந்து கொடுக்காமல், அவர்களிடமே எழுத்து மூலம் மன்னிப்பு வாங்கினார். 2020-இல் மறைந்தார்.

இன்னொருவர் எட்னா அதான். செவிலியர், மருத்துவச்சி. சேமிப்பையெல்லாம் கொட்டி 2002-இல் ஹர்கெய்சா நகரில் மகப்பேறு மருத்துவமனை திறந்தார். கூடவே நூற்றுக்கணக்கான பெண்களுக்குப் பிரசவம் பார்க்கப் பயிற்சி தந்தார். 2023-இல் டெம்பிள்டன் விருது கிடைத்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. வேலை எப்போதோ நடந்துவிட்டது. உலகம்தான் தாமதமாக வந்தது.

கேள்வி: எங்கள் மலைக்கும் இப்படி ஒரு பெண்மணியோடு தொடர்பு உண்டா?
(வாசகர், கொடைக்கானல்)

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் தம் கடைசி நாட்களைக் கழித்தது கொடைக்கானலில்தான். 1960 மே மாதம் அங்கேயே மறைந்தார். இளம்வயதில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவம் பார்க்க அவரை அழைத்தார்கள். ஆண் மருத்துவரான அவர் தந்தையை உள்ளே விட அவர்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மருத்துவம் படிக்கப் போனதற்குக் காரணம் அந்த இரவு. 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்களைக் காப்பாற்றப் பயிற்சி பெற்ற பெண்களே வேண்டும் என்று அவர் கண்டதைத்தான் எட்னா ஹர்கெய்சாவில் செய்தார்.

கேள்வி: அவர் அமெரிக்கக் குடும்பம். நம் ஊர்ப் பெண் யாரும் இல்லையா?
(வாசகி, வத்தலக்குண்டு)

உங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தார். டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன், டி.வி.எஸ். தொழிலதிபர் குடும்பத்து மகள். சிறுவயதில் திருமணம், இளம்வயதில் கைம்மை. அதன்பின் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமம் தொடங்கினார். கஸ்தூர்பா மருத்துவமனையும் கிராமப்புறச் சுகாதாரப் பயிற்சியும் அதிலிருந்து வளர்ந்தவை. 1962-இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி, மத்தியக் கல்வித் துணை அமைச்சரும் ஆனார். மருந்து கொடுத்ததோடு நிற்காமல், சட்டமும் திட்டமும் போடும் இடத்தில் போய் உட்கார்ந்தாரே, அதுதான் தலைமை.

கேள்வி: மருத்துவமனை முழுக்கப் பெண்கள்தானே வேலை செய்கிறார்கள்? அப்புறம் என்ன குறை?
(வாசகர், தாண்டிக்குடி)

வேலை செய்கிறார்கள், சரி. முடிவு யார் எடுக்கிறார்கள்? உலகச் சுகாதார, சமூகப் பணியாளர்களில் சுமார் 70 விழுக்காடு பெண்கள். மூத்த பொறுப்புகளில் 25 விழுக்காடுதான். 2019-இல் உலக சுகாதார நிறுவனமே வெளியிட்ட கணக்கு இது. 1948 முதல் அந்த நிறுவனத்தின் தலைமை இயக்குநராகத் தேர்வான பெண்கள் இருவர் மட்டுமே.

கேள்வி: தமிழ்ப் பெண் ஒருவர் அங்கே உயர்பதவியில் இருந்தாராமே?
(மாணவர், பழனி)

சௌமியா சுவாமிநாதன். சென்னையில் காசநோய் ஆய்வில் வளர்ந்தவர். 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானி ஆனார்.

கேள்வி: உரிய பெயர் கிடைக்காமல் போன தமிழ்ப் பெண் யார் என்று கேட்டால்?
(வாசகி, பெரியகுளம்)

செல்லப்பன் நிர்மலா. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரி முதுநிலை மாணவி. பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகள் சேகரித்து, வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துப் பாதுகாத்து, சோதனைக்காக ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. தெரிந்தது. அந்தக் கிருமி இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்பதற்கு முதல் சான்று அதுதான். ஆய்வேட்டை முடித்துவிட்டு அமைதியாக அரசுப் பணிக்குப் போனார். முப்பது ஆண்டுகள் அவரை யாரும் பெரிதாகத் தேடவில்லை.

கேள்வி: நான் கிராம சுகாதாரச் செவிலியர். என்னைப் போன்றவர்களையும் தலைவர் என்று சொல்ல முடியுமா?
(வாசகி, பண்ணைக்காடு)

சந்தேகமே வேண்டாம், அம்மா. வட்டக்கானலைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் வெள்ளகவி. சாலை இல்லாத அந்த ஊரில் நோயாளியை டோலி கட்டித்தான் மேலே தூக்கி வந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் யார் நாள் நெருங்கிய கர்ப்பிணி, யாரை முன்கூட்டியே மேலே கொண்டுவர வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பவர் செவிலியர்தான். உயிர் பிழைப்பது அந்த முடிவால். 2022-இல் இந்தியாவின் ஆஷா என்னும் சமூகச் சுகாதாரப் பணியாளர்களை உலக சுகாதாரத் தலைவர்கள் என்றே உலக சுகாதார நிறுவனம் கௌரவித்தது. ஆனால் அவர்களை இன்னும் ஊழியர் என்று ஏற்காமல் தன்னார்வலர் கணக்கில் வைத்திருக்கிறோம். இது அநியாயம்.

கேள்வி: அங்கீகாரம் என்றால் விருதும் பொன்னாடையும் தவிர வேறென்ன?
(கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

மூன்று. செய்த வேலைக்கு முறையான சம்பளம். கண்டுபிடித்ததில் பெயர். பணம் ஒதுக்கும் கூட்டத்தில் ஒரு நாற்காலி. ஹர்கெய்சாவானாலும் கொடைக்கானலானாலும் அளவுகோல் இதுதான்.

கேள்வி: சாதாரண மக்கள் நாங்கள் என்ன செய்யலாம்?
(வாசகர், வில்பட்டி)

அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர்ச் செவிலியரைப் பேச அழையுங்கள். எது குறைகிறது, எது முதலில் வேண்டும் என்று அவர் சொல்லட்டும். அவர் சொன்னதைத் தீர்மானமாக எழுதி, அவர் பெயரையும் சேர்த்து நிறைவேற்றுங்கள்.