கப்பல் கட்டின ஊர்க்காரன்

நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவன். இந்த ஒரு வசனத்தை வாய்க்குள்ளேயே வைத்திருந்தால் எனக்கு இரண்டாயிரம் டொலர் மிஞ்சியிருக்கும்.

விசயம் தொடங்கியது ஸ்காபரோவில், பிளஃபர்ஸ் பார்க்கில். சீனி கூடிவிட்டது, நடவுங்கோ என்று டாக்குத்தர் சொன்னதால் பின்னேரங்களில் ஒன்ராறியோ ஏரிக்கரைக்கு நடக்கப் போனேன். ஒரு பக்கம் செங்குத்தாக வெளிறிய மண்மேடு, மறுபக்கம் எதிர்க்கரை தெரியாத தண்ணீர், அதில் நாலைந்து வெள்ளைப் பாய்கள். மூன்றாம் நாள் நான் நடக்கவில்லை. வாங்கில் இருந்து பாய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீனிக்காவது குளிசை இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் வருகிற இந்த வருத்தத்துக்கு அதுவும் இல்லை.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி கழுவுவதை நிறுத்தவில்லை. "உங்களுக்கு முதலிலை நீந்தத் தெரியுமோ?"

நியாயமான கேள்விதான். கடற்கரை ஊரில் பிறந்தேனே தவிர, அப்பாவுக்குத் தபாற்கந்தோரில் வேலை. கடலோடு எங்கள் வீட்டுக்கு இருந்த கொடுக்கல் வாங்கல் எல்லாம் சைக்கிள் பெட்டியில் வந்த பாரைமீனோடு சரி. பதினாறு வயதில் ஊரைவிட்டு வெளிக்கிட்டவன். ஒரு வள்ளத்தில் அணியம் எது, கடையார் எது என்று கேட்டால், அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் சொல்வேன்.

ஆனால் ஊர்ப் பெருமைக்கு நீச்சல் தேவையில்லையே. எங்கள் ஊரில் வேப்ப மரத்தில் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல் 'அன்னபூரணி'. வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கித் தன் மனைவியின் பெயரை வைத்தார். எங்கள் ஊர்த் தண்டயலும் மாலுமிகளும் அதைச் சூயஸ் கால்வாய்க்குள்ளால் கொண்டுபோய், மத்தியதரைக் கடலைத் தாண்டி, அத்திலாந்திக்கையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ஊரில் பால்குடி மறக்கும் முன்னமே இந்தக் கதை காதில் விழுந்துவிடும். அந்தக் கப்பலில் நான் ஒரு ஆணி அடிக்கவில்லை. அது போன காலத்தில் என் அப்பாவே பிறக்கவில்லை. ஆனாலும் பாய்ப்படகு விற்கிற ஒருவரைக் கண்டால் போதும், என் வாய் தானாக 1938-க்குப் போய்விடும்.

இதில் ஒரு சிக்கல். கதையைச் சொல்லி முடித்த பிறகு, "இந்தக் கயிறு எதுக்கு?" என்று கேட்க முடியாது.

அதனால் அம்மானையும் கூட்டிக்கொண்டு போனேன். எண்பத்துநாலு வயது. இளந்தாரிக் காலத்தில் தோணியில் கோடியாக்கரைக்கு அடிக்கடி போய்வந்தவர். என்னத்துக்குப் போனவர் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கேட்பதில்லை.

முதல் படகு ஒரு வீட்டின் பின்வளவில், நீலத் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. ட்ரெயிலரோடு எண்ணூறு டொலர். 'உப்புத் தண்ணீரையே கண்டதில்லை' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இங்கே அது பெரிய நற்சான்றிதழ். நன்னீர் ஏரியிலேயே ஓடிய படகில் உப்பு அரித்த இரும்பும் அலுமினியமும் இராது என்பதால் மவுசு கூட. அம்மானுக்குத் தமிழில் சொன்னேன்.

"உப்புத் தண்ணி காணாத வள்ளமோ? வடம் பிடிக்காத தேர் எண்டு சொல்லு."

தறப்பாளை விலக்கினோம். ஆட்கள் இருந்து ஓட்டுகிற குழியில் போன வருடத்து இலைகள் மக்கிச் சாணியாகக் கிடந்தன. தண்ணீர் வடிகிற துளையை அவை அடைத்துவிட, அந்த ஈரத்தில் ஒரு மேப்பிள் கன்று முழ உயரத்துக்கு, மூன்று இலையோடு, நல்ல சுகமாக நின்றது. நான் அதைப் பிடுங்கக் குனிந்தேன். அம்மான் தடுத்தார்.

"விடு தம்பி, வளரட்டும். பாய்மரத்துக்கு உதவும்."

இரண்டாவது படகு ஹமில்ரன் பக்கம். பழைய படகு வாங்குவது எப்படி என்று அதற்குள் நான் இரவிரவாகப் படித்துவிட்டிருந்தேன். இரண்டு ஃபைபர்கிளாஸ் தகட்டுக்கு நடுவில் பால்சா என்ற லேசான மரத்தை வைத்துத்தான் மேல்தளத்தைச் செய்வார்கள். திருகாணி இறங்கிய ஓட்டையால் தண்ணீர் கசிந்தால் உள்ளே மரம் தேநீரில் தோய்த்த ரஸ்க் மாதிரிப் போய்விடும். மாரியில் அந்தத் தண்ணீர் உறைந்து பருத்துத் தகட்டையும் பிரித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. திருப்புளியின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். 'டொக்' என்றால் நல்லது, 'பொத்' என்றால் கெட்டது. பலாப்பழம் தட்டிப் பழகிய கைக்கு இதில் ஒரு குழப்பம்: அங்கே 'பொத்' என்றால்தான் பழம். பாய்மரத்தடியில் அருமையான பழச் சத்தம் கேட்டதும் என் முகம் மலர்ந்துவிட்டது. விலையில் முந்நூறு குறைக்கலாம் என்றிருந்த விற்பனைக்காரர், என் மலர்ச்சியைக் கண்டதும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

அம்மான் எதையும் தட்டவில்லை. பாய்மரத்தைப் பக்கத்துக்கொன்றாக இழுத்துப் பிடிக்கிற உருக்குக் கம்பியில் தன் கைலேஞ்சியைச் சுற்றி, மேலிருந்து கீழாக ஒரு இழுவை இழுத்தார். முழங்கால் உயரத்தில் லேஞ்சி சிக்கி நின்றது. பார்த்தால், முறுக்கிய கம்பியில் ஒரே ஒரு இழை அறுந்து, மீன்முள்ளுப்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்று அறுந்தால் மற்றதுகளும் வரிசையில் நிற்கின்றன என்று அர்த்தம். அடுத்ததாக விரித்த பாயை விரல்களுக்கிடையில் கசக்கினார். புதுப் பாய் கடதாசி மாதிரிச் சரசரக்கும். "துவைச்ச வேட்டி" என்றார். புதிதாக ஒரு சோடி தைப்பித்தால் அந்தப் படகின் விலையைத் தாண்டும். கடைசியாக, பின்னால் தொங்கிய மோட்டரின் தலையில், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல உள்ளங்கையை வைத்தார். சூடு. நாங்கள் வரமுதலே அதைக் கெஞ்சிக் கூத்தாடிக் கிளப்பி ஓடவிட்டு நிற்பாட்டியிருக்கிறார்கள். குளிர்ந்து கிடக்கிற மோட்டர் எங்கள் முன்னால் கிளம்ப வேண்டும், அதுதான் முறை. பன்னிரண்டு கட்டுரைகளில் படித்த எனக்கு இது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. நான் அப்போது குளோஸ்டர் துறைமுகத்தில் இருந்தேன்.

திரும்பி வரும்போது ரிம் ஹோட்டன்ஸில் கோப்பி குடித்துக்கொண்டு அம்மானுக்கு ஒரு புதினம் சொன்னேன். இந்தப் பக்கத்து ஏரிகளில் ஓடுகிற சின்னப் படகுகளில் பேர்போனவை இரண்டு. 'ஷார்க் 24' படகை 1959-இல் நயாகரா-ஒன்-த-லேக்கில் வரைந்தவர் ஜோர்ஜ் ஹின்ரர்ஹோலர். 'ரான்சர் 22' ஜொஹான் ரான்சருடையது. மொன்றியலுக்குப் பக்கத்தில் 1970 முதல் 1986 வரை இரண்டாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். இரண்டு பேருமே ஒஸ்திரியாவில் இருந்து வந்தவர்கள்.

"ஒஸ்திரியா எந்தக் கடலிலை கிடக்கு?"

"அதுக்குக் கடலே இல்லை, அம்மான்."

அவர் கொஞ்ச நேரம் கோப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கடல் இல்லாதவன் வள்ளம் கட்டுறான். கடலோடை பிறந்த நீ பலாப்பழம் பாக்கிறாய்."

அடுத்து 'கற்றலினா 22' என்றொரு யோசனை வந்தது. கலிபோர்னியாவில் ஃபிராங்க் பட்லர் வரைந்து, பதினையாயிரத்துக்கு மேல் விற்ற படகு. அதில் ஒரு வகைக்கு அடிப்பலகையை மேலே தூக்கலாம்; ட்ரெயிலரில் ஏற்றி வீட்டு வாசலில் விட்டால், அடிக்கணக்கில் அறவிடுகிற துறைக் கூலி மிச்சம். ஆனால் அந்தப் பலகை 250 கிலோ இரும்பு. அதைத் தூக்குவதும் இறக்குவதும் ஒற்றைக் கம்பி. அம்மான் ஹமில்ரன் படகின் கம்பியில் லேஞ்சி சிக்கியதை மறக்கவில்லை. "வேண்டாம்."

மனைவி இந்த ஆராய்ச்சியில் எல்லாம் கலந்துகொள்ளவில்லை. ஒக்ரோபரில் பாரந்தூக்கியால் தூக்கிக் கரையில் வைத்தால் திரும்ப மே மாதம்தான் தண்ணீர் என்று கேட்டதும், "ஏழு மாசம் தரையிலை நிக்கிறதுக்குப் பேர் வள்ளமோ?" என்று மட்டும் கேட்டாள். கடைசியில் ஒரு ரான்சர் 22 பார்க்க வந்தவள், ஏணியில் ஏறி, குழியில் இருந்து, இரண்டு கையையும் விரித்து அளந்தாள். அந்தப் படகில் இருக்கும் இடம் தாராளம். "சின்னக்கா குடும்பம் வந்தால் ஆறு பேர். சோத்துப் பெட்டியை இதிலை வைக்கலாம்." அத்தோடு தெரிவு முடிந்தது. அம்மானின் கைலேஞ்சியும் சிக்காமல் வந்தது.

விற்றவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். முழங்கால் ஏலாமல் போய்த்தான் விற்கிறார். முன்பு பாய் ஓட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். மனைவி பக்கத்தில் நின்றதால் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். மனிதருக்கு மனம் இளகிவிட்டது. கேட்ட விலை நாலாயிரத்து ஐந்நூறு. "புதிதாகப் பழகுகிறவருக்குப் போவதுதான் எனக்குச் சந்தோசம். இரண்டாயிரத்து ஐந்நூறு தாருங்கள். நாலு ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பழக்கிவிடுகிறேன்" என்றார்.

நன்றி என்று கையைக் கொடுத்திருக்கலாம். மனைவி என் காலைக்கூட மிதித்தாள்.

"ஐயா," என்றேன், "நான் வல்வெட்டித்துறை."

சூயஸ் தாண்டும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. குளோஸ்டருக்கு வந்து சேர்ந்தபோது என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் முதலில் இல்லை என்றது முழுவதும் தன்னடக்கம் என்று அவருக்கு விளங்கிவிட்டதாம். இப்படிப்பட்ட பரம்பரைக்குத் தான் பழக்குவதாவது? படகின் பெறுமதி தெரிந்த ஆளிடம் கழிவு விலை பேசியதற்கு மன்னிப்பும் கேட்டார். நாலாயிரத்து ஐந்நூறையும் எண்ணிக் கொடுத்தேன்.

"என்னவாம்?" என்று அம்மான் கேட்டார். மனைவி விளங்கப்படுத்தினாள்.

"அன்னபூரணி இப்பதான் முதன்முதலா நட்டத்திலை ஓடியிருக்கு" என்றார் அம்மான்.

பாய் பழக்குகிற வகுப்புக்குத் தனியாகக் காசு கட்டினேன். முதல் நாள், மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசிய பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்று பெயர்ப் பட்டியலோடு வந்து நின்றது. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டது.

"ஸ்காபரோ."

"அதற்கு முதல்?"

"கண்டி" என்றேன்.