அமீர் சாப்

ஜமாஅத்தில் எத்தாளைக்குப் போனபோது மஷூராவில் என்னை அமீராக்கினார்கள். "நான் எதுக்கு, வேற யாரையாவது போடுங்க" என்று ஒரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை சொல்லவில்லை. சொன்னால் சரியென்று விட்டுவிடுவார்களோ என்ற பயம்.

மூன்று பேர் பயணம் புறப்பட்டால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளச் சொல்லும் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. அமீர் என்றால் கட்டளையிடுபவர். நான் அந்தப் பொருளை அப்படியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சமையல் கித்மத் இளசுகளுக்கு, பள்ளி கூட்டுவது இன்னொருவருக்கு, மஃரிபுக்குப் பிறகு பயான் எனக்கு. மீனையும் நானே வாங்கி வருவதாகச் சொன்னேன். கரையில் நாலு பேர் அமீரைப் பார்க்க வேண்டாமா?

கேட்ட விலையைக் குறைத்துத்தான் பேச வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஜுப்பாவும் அத்தருமாக நின்றுகொண்டு பேரம் பேச வெட்கம். முழுக்காசையும் எண்ணிக் கொடுத்தேன். வெட்டும்போது செவுளைத் தூக்கிப் பார்த்த தம்பி, "அமீர் சாப், இது நேத்தையது" என்றான். சாம்பல் பூத்துக் கிடந்தது செவுள். அன்று சஹனைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பருப்பு ஆணத்தைத்தான் மெச்சினார்கள்.

பயானாவது கைகொடுக்கும் என்று நினைத்தேன். கலீபாவும் அமீரும் ஒன்றுதான், எல்லாம் 1918இல் துருக்கி தோற்றதோடு முடிந்தது என்று குரலை உயர்த்தி முழங்கினேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் துஆ முடியும்வரை பொறுத்திருந்து, பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் பாடம் எடுத்தார்.

632இல் நபியவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற அபூபக்கர் (ரழி), இறைத்தூதரின் கலீபா: அவருக்குப் பின் அவரிடத்தில் நிற்பவர். 634இல் உமர் (ரழி) வந்தபோது, கலீபாவின் கலீபா என்று சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்தவர், அதற்கடுத்தவர் என்றால் பட்டம் நீண்டுகொண்டே போகுமே! அதனால்தான் அமீருல் முஃமினீன் என்ற பெயர் நிலைத்தது. கிலாபத்தை ஒழித்தது துருக்கி நாடாளுமன்றமே, 1924 மார்ச் 3இல். கடைசிக் கலீபா இரண்டாம் அப்துல் மஜீத். நம் பெரியவர்கள் துருக்கித் தொப்பி போட்டுத் திரிந்த காலம் அது என்றும் சொன்னார். கடற்படை அட்மிரலின் பட்டம்கூட அமீரிலிருந்து பிறந்ததுதானாம். மீன் விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்ததோ என்னவோ, அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார்.

மறுநாள் பயானை அவரிடமே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அமீர் அல்லவா! அவர் சொன்னதையே என் சரக்குபோல அவர் முன்னாலேயே பேசினேன். அவரும் தலையாட்டிக் கேட்டார்.

உமர் (ரழி) ஏற்ற அந்தப் பட்டம் இன்றும் மொரோக்கோ மன்னருக்கு அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அடுத்த ஜமாஅத்தில் கிடைத்தது வெங்காயம் உரிக்கும் கித்மத்.