காசுப் பரியாரியார்

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் இருப்பார். இளைப்பாறிய தபாலதிபராக இருப்பார், இல்லாவிட்டால் கணக்கு மாஸ்டராக இருந்தவராக. எங்கள் பக்கத்து ஆளுக்கு இளசுகள் வைத்த பட்டம் காசுப் பரியாரியார். பழங்காசைக் கண்டால் விலை கேட்க முதல் நாடி பிடிப்பார்.

சட்டைப் பைக்குள் மூன்று சாமான் எப்போதும் இருக்கும். மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் செருகுகிற வில்லை, நகைத் தராசு, தடித்த மட்டை போட்ட கொப்பி. கொப்பியைப் பற்றிப் பிறகு.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அவர் ஒரு சதம் செலவழிக்க மாட்டார். "கனடாக்காரர் நிக்கிற மட்டும் காசுப் பக்கம் போகக் கூடாது" என்பது முதலாவது விதி. ரொறன்ரோவில் இருந்து வந்தவர் பேரப்பிள்ளைக்குக் காட்டவென்று சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுவார். வியாபாரி அதே விலையை உள்ளூர்க்காரருக்கும் சொல்லிப் பழகிவிடுவான். ஆகவே பரியாரியார் களம் இறங்குவது கார்த்திகை மழைக்குள். காலையிலிருந்து கைவிசேடம்கூட நடக்காமல் பொலித்தீன் விரிப்பில் தேங்கிய தண்ணீரைத் தட்டிக்கொண்டிருக்கும் வியாபாரிக்கு, குடையை மடித்துக்கொண்டு ஒரு வேட்டி முன்னால் வந்து குந்தினால் முருகனே வந்த மாதிரி. அந்த எண்ணம் அரைமணி நேரம் தாங்கும்.

"உதென்ன தம்பி?"

"ஒல்லாந்தர் காசு ஐயா. இருநூறு வருசத்துக்கு மேல. ஆயிரத்து ஐந்நூறு."

"வயசுக்குத்தான் விலை எண்டால் எங்கட கிணத்தடிச் சுண்ணாம்புக் கல்லைப் பேர்த்துக்கொண்டு வாறன். அது கோடி வருசம். எவ்வளவு தருவீர்?"

இந்த இடத்தில் அவர் சொல்வது முழுக்கச் சரி. ஒல்லாந்தக் கம்பனியின் செப்புத் துட்டுகள் ஏராளமாகக் கப்பலேறி வந்தவை. முதலாம் இராசராசன் பெயரை நாகரியில் பொறித்த செப்புக் காசுக்கு வயது ஆயிரம். ஆனாலும் அது நிறையக் கிடைப்பதால், வயதுக்குரிய மரியாதை விலையில் இல்லை. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. ஒரு வியாபாரி, துட்டில் இருந்த ஒல்லாந்தக் கம்பனியின் 'வீ.ஓ.சி.' முத்திரையைக் காட்டி, இது வ.உ.சிதம்பரம்பிள்ளை கப்பல் விட்ட நேரம் அடித்த காசு என்று ஒருமுறை சொல்லிவிட்டான். பரியாரியார் வில்லையைக் கழற்றினார். "அவர் பிறந்தது 1872. காசில 1790 எண்டு கிடக்கு. தாயின்ர வயித்துக்கு வர முதலே கம்பனி நடத்தினவரோ?"

அடுத்தது 1870ஆம் ஆண்டு விக்ரோறியா ஐந்து சதம். பெரிய செப்புக் காசு, வெளிச்சத்தில் பளபளக்கிறது. வியாபாரிக்குப் பெருமை. பரியாரியார் அதை மூக்கடியில் வைத்து மணந்து பார்ப்பார். "பழப்புளி. இராணியைத் தேய்ச்சுக் குளிப்பாட்டிப் போட்டியள் என்ன? நூற்றைம்பது வருசமாப் பிடிச்ச நிறத்தை ஒரு பின்னேரத்தில கழுவி ஊத்தியாச்சு. பாதி விலை அந்தத் தண்ணியோட போட்டுது." இதுவும் சரிதான். மினுக்கிய காசை விபரம் தெரிந்தவர் தொடமாட்டார். மறுபக்கத்து மரத்தைத் தாளிப்பனை என்று விலைப்பட்டியல்கள் எழுதும். அதை மட்டும் அவர் ஒத்துக்கொள்வதில்லை. "பனையைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு ஆர் சொல்லித் தாறது?"

பட்டியலைக் காட்டும் வியாபாரிக்கு வேறு மருந்து. அந்தப் புத்தகங்களில் விலை டொலரில் இருக்கும். 2022இல் டொலர் இருநூறு ரூபாவில் இருந்து முந்நூற்று அறுபதுக்குத் தாவியபோது விரிப்பில் கிடந்த எல்லாக் காசும் கிடந்தபடியே விலையேறின. "காசில இருக்கிற மூன்றாம் ஜோர்ஜ் செத்தது 1820இல. டொலர் ஏறினால் அவருக்கும் சம்பள உயர்வோ?"

சேது காசு கண்ணில் பட்டால் குரல் இறங்கிவிடும். ஒருபக்கம் நின்ற கோலத்தில் அரசன், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, அடியில் 'சேது' என்ற தமிழ் எழுத்து. ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்டது, சுவாமி ஞானப்பிரகாசர் ஆராய்ந்து எழுதியது. பரியாரியாருக்கே கொஞ்சம் கை நடுங்கும். ஆனாலும் வாய் நடுங்காது. "உது எந்தத் தோட்டத்துக்குள்ள கிண்டினது? 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, தெரியுமோ? நாவலர் வீதி மியூசியத்துக்கு ஒருக்கா நடந்து போட்டு வருவமோ?" வியாபாரி விலையைக் குறைப்பதோடு நிற்கமாட்டான், காசையே பைக்குள் போட்டுவிடுவான்.

வெள்ளிக்கு மட்டும் அவரிடம் மரியாதை உண்டு. 1957 புத்த ஜயந்தி ஐந்து ரூபாவைத் தராசில் வைப்பார். 28 கிராமுக்குச் சற்றுக் கூட, ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. "உதை உருக்கினாலும் ஒரு விலை இருக்கு. அதுக்கு மேல கேக்கிறதெல்லாம் உம்மட ஆசை." பிறகு கடைசி அம்பு: "சரி, நான் இதை நாளைக்கு உம்மட்டையே கொண்டு வந்து தந்தால் எவ்வளவுக்கு எடுப்பீர்?" எந்த வியாபாரியும் இந்தக் கேள்விக்கு நேரே பதில் சொன்னது கிடையாது. வாங்க நினைக்கிற எவரும் கேட்டுப் பார்க்கலாம். அந்த மௌனத்தின் நீளத்தை வைத்தே விலை எவ்வளவு கூட என்று கண்டுகொள்ளலாம்.

இவ்வளவு தெரிந்தவர் வீட்டில் என்னதான் இருக்கிறது? ஒரு பிஸ்கற் தகரம். அதற்குள் சதுர ஐந்து சதம், விளிம்பு நெளிந்த இரண்டு சதம், பத்துச் சதம். எல்லாம் உத்தியோக காலத்தில் மிச்சக் காசாகக் கைக்கு வந்தவை. முகத்தில் எழுதியிருந்த பெறுமதிக்கு மேல் ஒரு சதம் கொடுத்ததில்லை. கொப்பியில் எழுதியிருப்பவை வாங்கிய காசுகள் அல்ல, வாங்காமல் விட்டவை. காசின் பெயர், வருடம், கேட்ட விலை, கடைசிக் கட்டத்தில் 'மிச்சம்'. அந்தக் கணக்கின்படி யாழ்ப்பாணத்தில் பழங்காசால் பணம் சேர்த்த ஒரே ஆள் அவர்தான். மனுசி தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, "உந்த மிச்சத்தில ஒரு கிலோ சீனி வாங்கிக்கொண்டு வாருங்கோவன்" என்பார்.

போன மாரியில் ஒரு வியாபாரிக்குப் பொறுமை போய்விட்டது. விரிப்பில் 1815ஆம் ஆண்டு யானைக் காசு. நல்ல பழுப்பு நிறம், யானையின் துதிக்கை தேயவில்லை, விளிம்பில் வார்ப்புத் தழும்பு இல்லை. எட்டாயிரம் சொன்னான். பரியாரியார் மணந்து, நிறுத்து, வில்லையால் பார்த்து, டொலரையும் திட்டி முடித்தார்.

"ஐயா, நீங்களே ஒரு விலை சொல்லுங்கோ."

"ஐயாயிரத்து ஐந்நூறு."

"சரி, எடுங்கோ."

பரியாரியாரின் முகம் கறுத்துவிட்டது. இவ்வளவு கெதியாய் ஒத்துக்கொண்டால் நாலாயிரம் என்று கேட்டிருந்தாலும் தந்திருப்பானே. இல்லாவிட்டால் கள்ளக் காசோ? வில்லையை மறுபடி செருகினார். யானையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், திருப்பி ஜோர்ஜைப் பார்த்தார். காசை மெதுவாக விரிப்பில் வைத்தார்.

"நாளைக்கு வாறன் தம்பி."

வீதி முடக்கில் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொப்பியைத் திறந்து எழுதினார்: யானை, 1815, மிச்சம் 5,500.