பெட்டித்திணை: ஐரோப்பியச் சுற்றுலாவுக்குத் துணிமணி அடுக்குதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தலைவன் பொருள் தேடிப் பிரிவதற்கு நம் அகப்பொருள் இலக்கணத்தில் விதி உண்டு. ஓதப் பிரிவதற்கும், தூது போகப் பிரிவதற்கும் உண்டு. மாதத் தவணையில் பணம் கட்டிக் குடும்பத்தோடு பன்னிரண்டு நாள் ஐரோப்பா போவதற்கு மட்டும் இல்லை. அப்படியே போனாலும் கையில் என்ன கொண்டுபோனான் என்று எந்தப் புலவரும் வாய் திறக்கவில்லை. காட்டு யானை திரியும் சுரத்தைக் கடந்தவன் மாற்று வேட்டி வைத்திருந்தானா, புளிச்சோறு கட்டிக்கொண்டானா என்பதில் உரையாசிரியர்களும் மௌனம். ஈராயிரம் ஆண்டு இலக்கிய மரபில் விழுந்துவிட்ட இந்த ஓட்டையை அடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் சென்னையில் எங்கள் வீட்டு ஹால். காலம் மே மாதக் கடைசி. மூல ஆவணங்கள்: பெரிய டிராலி பெட்டி மூன்று, சிறியது மூன்று, தோள்பை ஒன்று, மஞ்சள் பை ஒன்று. மஞ்சள் பை பட்டியலில் இல்லாதது. கடைசி நாளில் தானாக முளைத்தது. ஆய்வாளன் நான். அடுக்கியவர் என் மனைவி. கல்லூரியில் படிக்கும் மகன் பார்வையாளர்.

முதலில் அளவை இயல். எங்கள் பயணச்சீட்டு ஆளுக்கு 23 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பெட்டியும் அனுமதித்தது. பெட்டியே நான்கு கிலோ. எஞ்சிய பத்தொன்பதில் ஒரு மனிதனை முழுதாக அடக்க வேண்டும். எடை பார்ப்பதற்கு எங்களிடம் இருந்தது உடல் எடை மெஷின். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறி நிற்க வேண்டும், வெறும் ஆளாக ஒரு தடவை நிற்க வேண்டும், கழித்தால் பெட்டியின் எடை. பெட்டியைக் கையில் பிடித்திருப்பவனுக்குக் காலடியில் உள்ள எண் தெரியாது என்பதால், மகன் தரையில் படுத்துக் கல்வெட்டுப் படிப்பவன் போல் படித்துச் சொன்னான். நான்கு நாள் நடந்த இந்தச் சோதனையில் பெட்டியின் எடையைக் காட்டிலும் என் எடையே அதிகம் விவாதிக்கப்பட்டது.

இனிச் சொல்லதிகாரம். பெட்டிக்குள் ஒரு பொருள் நுழைவதற்கு ஒரே ஒரு வாசல்தான் உண்டு. அது "எதுக்கும் இருக்கட்டும்" என்ற தொடர். இருக்கட்டும் என்பது வியங்கோள் வினைமுற்று. வியங்கோள் வாழ்த்தலிலும் வரும், வைதலிலும் வரும், வேண்டலிலும் வரும் என்பார்கள். பெட்டி முன்னால் உட்கார்ந்து சொல்லப்படும்போது மூன்றும் கலந்தே வருகிறது. 'எதுக்கும்' என்பதில் உள்ள உம்மை முற்றும்மை. வரக்கூடிய எல்லா இடர்களையும் முற்றாகத் தழுவி நிற்பது. தலைவலித் தைலம், தையல் ஊசி, கொடிக் கயிறு, ஓமம், கல்யாண வீட்டில் கொடுத்த துண்டு, இரண்டு நாலு முழ வேட்டி எல்லாம் இந்த ஒற்றை உம்மையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயின. "ரோம்ல எதுக்கு வேட்டி?" என்று கேட்டேன். பதில் முன்னரே சொல்லப்பட்டுவிட்டது.

இந்தத் தொடர் எங்கள் வீட்டில் தோன்றியது அல்ல, அதற்கு முன்னோர் உண்டு என்று நிறுவ வேண்டியிருக்கிறது. 1888இல் லண்டனுக்குக் கப்பலேறிய காந்தி, ஊரிலிருந்து கொண்டுபோன பலகாரத்தையும் பழத்தையும் தின்றே பெரும்பாலும் கடல் கடந்ததாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆக, பலகார மூட்டை வரலாற்று உண்மை. துணி விஷயத்தில்தான் அவர் சறுக்கினார். கரையிறங்கும்போது உடுத்தவென்று வெள்ளை ஃபிளானல் உடுப்பைப் பத்திரமாக வைத்திருந்தார். இறங்கியதோ செப்டம்பர் கடைசி. அப்படிப்பட்ட உடுப்பில் அவர் ஒருவர்தான் நின்றார். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பெட்டியும் சாவியும் ஏஜெண்டுகளிடம். மறுநாள் ஞாயிறு, கிடைக்காது. மாற்றுத்துணி ஒன்றைக் கைப்பையில் வைக்க வேண்டும் என்று இன்றைக்குப் பயண வழிகாட்டிகள் சொல்லும் அறிவுரைக்கு இதைவிடப் பழைய சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் சான்று நம்மவர். 1914 மார்ச்சில் சென்னையில் கப்பலேறிய கணிதமேதை ராமானுஜன், கேம்பிரிட்ஜ் குளிரில் நடுங்கிக் கிடந்தார். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். அவர் ஒருநாள் அறைக்குப் போய்ப் பார்த்தால், ராமானுஜன் ஓவர்கோட்டோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கைமேல் தூங்குவதாகச் சொல்கிறார். கம்பளிகள் எங்கே? படுக்கையில்தான் இருந்தன, ஒழுங்காகச் செருகப்பட்டு. அவற்றை விலக்கி உள்ளே நுழைய வேண்டும் என்பது முடிவிலியை அறிந்தவருக்குத் தெரியவில்லை. ஆகவே எல்லாம் எடுத்துப்போனாலும் போதாது, அங்கே இருப்பதை எப்படித் திறப்பது என்றும் தெரிய வேண்டும். எங்கள் பாரிஸ் ஓட்டலில் மெத்தைக்கடியில் இறுக்கிச் செருகியிருந்த போர்வையோடு நான் மல்லாடியபோது இந்த நினைவு பெரிய ஆறுதல்.

பெட்டிக்கும் ஐந்திணை உண்டு என்பது என் துணிபு. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அது ஹாலில் நிகழ்வது. என் மூன்று பேண்ட்டை வெளியே எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, கையளவு ரைஸ் குக்கர் ஆகியவை வைக்கப்பட்டதும் ஊடல் தொடங்கியது. வாயில்களாக மகனும், அடுத்த வீட்டு அக்காவும் அனுப்பப்பட்டனர். இருவரும் எதிரணியில் சேர்ந்துவிட்டார்கள்.

உணவுப் பொருளில் சட்ட நுணுக்கங்கள் ஏராளம், கொஞ்சம் நின்று பார்க்கத் தகுந்தவை. பயணிகள் இறைச்சியையும் பால் பொருளையும் வெளியிலிருந்து உள்ளே கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் விடுவதில்லை. ஆகவே நெய் கூடாது, பால்கோவா கூடாது. செடி கொடிக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஆகவே கறிவேப்பிலைக் கொத்து கூடாது. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கும் சான்றிதழ் வேண்டாம். தேங்காய்க்கு இப்படிச் சிவப்புக் கம்பளம் விரித்திருக்க, அதே தேங்காய் காய்ந்து கொப்பரையானால் பயணிகள் பெட்டியில் அதை ஏற்ற விடமாட்டார்கள். எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள்களின் வகுப்பில், ஐக்கிய நாடுகளின் ஆபத்துப் பொருள் பட்டியலில், 1363 என்ற எண்ணோடு அது இருக்கிறது. கொப்பரைக்குள் இவ்வளவு கோபம் இருப்பது தெரியாமல் நம் வீடுகளில் பரணில் போட்டு வைத்திருக்கிறோம்.

தொக்கு திடமா திரவமா என்பது அடுத்த தத்துவச் சிக்கல். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்டதை அடுத்துக் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி வந்தது. பாதுகாப்புச் சோதனைக்காரர் கண்ணுக்குப் பிசுபிசுப்பதெல்லாம் திரவம்தான். எனவே தொக்கு பெரிய பெட்டிக்குப் போயிற்று, என் மனைவியின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில். கருப்பொருள்கள் ஒரு நிலத்திலிருந்து இன்னொரு நிலத்துக்குப் பெயர்வதை இலக்கணம் திணை மயக்கம் என்கிறது. பாரிஸ் ஓட்டலில் பெட்டியைத் திறந்தபோது நாங்கள் கண்டது அதுவே. மயில் பச்சைப் புடவையின் முந்தானையில் தக்காளி நிறத்தில் ஒரு பிறை. "அரக்கு பார்டர் மாதிரிதாம்மா இருக்கு" என்றான் மகன். அன்றைக்கு மருதம் இரண்டாம் முறை நிகழ்ந்தது.

துணி அடுக்கும் முறையில் மடிப்புக் கட்சி, சுருட்டுக் கட்சி என இரண்டு உண்டு. இரண்டும் ஜிப் மூடும் நேரத்தில் ஒன்றாகிவிடும், பெட்டிமேல் ஆள் ஏறி உட்காருவதால். என் மனைவியின் முறை இரண்டிலும் சேராது. ஒரு பெட்டி தொலைந்தாலும் எல்லாருக்கும் ஏதாவது இருக்க வேண்டும் என்று, ஒவ்வொருவர் துணியையும் மூன்று பெட்டியிலும் பிரித்து வைத்தார். கொள்கை சரி. நடைமுறையில் என் வலக்கால் சாக்ஸ் ஒன்றிலும் இடக்கால் சாக்ஸ் வேறொன்றிலும் போயின. எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கிடக்கும் சொல்லோடு கொண்டுகூட்டிப் பொருள் காண்பார் நச்சினார்க்கினியர். காலையில் கிளம்புவதற்கு எனக்கும் அந்தப் புலமை தேவைப்பட்டது.

நெய்தல் வெனிஸ். கடல் இருக்கிறது, உரிப்பொருளாகிய இரங்கலும் இருக்கிறது. நானூறுக்கு மேற்பட்ட பாலங்கள், அநேகமாக எல்லாவற்றிலும் ஏறி இறங்கப் படிகள். பெட்டிக்குச் சக்கரம் வைக்கலாம் என்று 1972இல் காப்புரிமை பெற்ற பெர்னார்ட் சாடோவோ, அதை நிமிர்த்தி இழுக்கும் டிராலியாக்கிய விமானி ராபர்ட் பிளாத்தோ இந்த ஊரை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மூன்றாம் பாலத்தில் பெட்டியைத் தலைக்கு ஏற்றினேன். நம் ஊர் ரயில் நிலையத்துப் போர்ட்டர் ஒருவரைக் கண்டால் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

பாலைக்கு நிலம் கிடையாது என்பது பழைய கொள்கை. விமான நிலையத்தைப் பார்த்தவர்கள் அதையும் ஒப்புக்கொள்வார்கள்: எந்த நாட்டிலும் இல்லாத அந்த இடைவெளியில், எடை மிஞ்சிய பெட்டியிலிருந்து இரண்டு கிலோவைப் பிரிவது யார் என்பதே கேள்வி. நான் இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டேன். உடம்பில் இருப்பதை எடை போட இன்னும் விதி வரவில்லை. முல்லைக்கு ஒரு வரி போதும்: பெட்டி வரும் வளையப் பட்டைக்கு முன்னால் இருத்தல்.

மக்கு என்று சென்னையில் சொல்லப்படும் பிளாஸ்டிக் குவளையைத் தனியாக ஆராய வேண்டும். பாட்டில் போதும் என்பது ஒரு சாரார் வாதம். மக்கு எடை நூறு கிராம்கூட இல்லை, அதற்குள் சாக்ஸ் திணிக்கலாம் என்பது எங்கள் வீட்டு வாதம். களத்தில் கண்டது வேறு. பிதே என்கிற தாழ்ந்த கழுவுதொட்டிக்குப் பெயர் வைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். மட்டக்குதிரை என்று பொருள். எங்கள் பாரிஸ் அறையில் குதிரையைக் காணோம். இத்தாலியிலோ 1975ஆம் ஆண்டு ஆணைப்படி ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு குளியலறையிலாவது அது இருந்தாக வேண்டும். எனவே மக்கின் ஆட்சிப் பரப்பு ஆல்ப்ஸுக்கு வடக்கே என்று எல்லை வகுக்கிறேன்.

மின்சாரம் சுருக்கமாக. அங்கும் 230 வோல்ட்தான், 50 ஹெர்ட்ஸ்தான். ஃபோன் சார்ஜரின் இரண்டு குச்சி பெரும்பாலும் நுழைந்துவிடும், ரைஸ் குக்கரின் மூன்று குச்சி நுழையாது. குக்கர் எட்டு நகரம் பார்த்துவிட்டு ஒரு சோறும் வடிக்காமல் திரும்பியது.

இதுவரை கண்ட சான்றுகளை வைத்து, எடுத்துப்போனதில் பாதி வீண் என்ற முடிவுக்கு நான் வந்திருந்தேன். ரோமில் அது கவிழ்ந்தது. புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. மகன் அரைக்கால் சட்டையில் இருந்தான். வரிசையில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றாகிவிட்டது. என் மனைவி ஒன்றும் பேசாமல் தோள்பையைத் திறந்து நாலு முழ வேட்டியை எடுத்துக் கொடுத்தார். அவன் சட்டைமேலேயே சுற்றிக் கட்டிக்கொண்டு உள்ளே போய், மிக்கேலாஞ்சலோவின் பியெத்தா முன்னால் நின்றான். முற்றும்மையை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன்.

குறிஞ்சியைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையைக் குடைந்து 1912இலேயே ரயில் விட்டுவிட்டார்கள். ஜூனிலும் பனி. அங்கே நிற்கும் ஒன்றரை மணி நேரத்துக்காக ஒரு கனத்த ஜாக்கெட்டை மற்றப் பதினொரு நாளும் சுமக்க வேண்டும். அந்த ஜாக்கெட் என்னுடையது அல்ல. அடுத்த வீட்டு அக்காவின் தம்பியுடையது என்று சொன்னார்கள். விசாரித்ததில் அவரும் அலுவலக நண்பரிடம் வாங்கியது. சென்னையில் யாருக்கும் ஜாக்கெட் சொந்தமில்லை, சில ஜாக்கெட்டுகள் மட்டும் வீடு வீடாகப் போகின்றன. எங்களிடம் வந்தது எங்கள் தெருவில் யாரைக் காட்டிலும் அதிக முறை ஆல்ப்ஸ் ஏறியது.

மேலே இந்தியச் சாப்பாட்டுக் கடையே இருந்தது. பருப்புப் பொடி அறையில் இருந்தது. காற்றில் விரல் மரத்து, கையைப் பைக்குள் விட்டேன். ஏதோ காகிதம் தட்டுப்பட்டது: பாதி தீர்ந்த இஞ்சி மொரப்பாப் பொட்டலம். முன்னால் போட்டுக்கொண்டு போனவர் யாரோ வைத்தது. மூன்று துண்டு இருந்தது, மூன்று பேர் இருந்தோம்.

ஊர் திரும்பி ஜாக்கெட்டை டிரை வாஷ் கொடுத்து வாங்கி, அக்காவிடம் சேர்க்க மடித்து வைத்திருந்தோம். அக்காவின் நாத்தனார் குடும்பம் அடுத்த மாதம் கிளம்புகிறதாம். நான் கட்டுரைக்காகக் கடைசியாக ஒருமுறை எடை பார்த்தேன். முன்பு பார்த்ததைவிட ஐம்பது கிராம் கூடியிருந்தது. இடப் பக்கப் பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். புதுப் பொட்டலம், பிரிக்காதது.